முடக்குவாதமும் மூணு ஊசியும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஈயாடுது. வழக்கமா மொக்கை போடற கடைதான் இது, இன்னிக்கு மட்டும் ஒரு சீரியஸ் பதிவு. பொறுத்துக்கோங்க மக்களே.

போன வாரம் நம்ம பதிவர் நண்பர் ஒருத்தர் கூப்பிட்டார். அவர் தங்கச்சிக்கு முடக்குவாதம்னு புதுசா கண்டுபிடிச்சிருக்காங்க. டாக்டர் மாத்திரை எழுதிட்டார், ஆனா அந்தப் பொண்ணு சாப்பிட மாட்டேங்குதாம். "எதிர்ப்பு சக்தியைக் குறைக்கற மாத்திரையாமே, நாளைக்கு கொரோனா மாதிரி இன்னொன்னு வந்தா நான் என்ன ஆவேன்?"னு கேக்குதாம். எங்க வீட்ல அந்த ரெண்டு வருஷத்தையும் இதே நோயோட தாண்டினது அவருக்குத் தெரியும். அவர்கிட்ட சொன்னதை எழுதியும் வச்சிடலாம்னு தோணுச்சு. இனி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

தங்கமணி திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்காங்க. 2015ல ஆரம்பிச்சது. காலையில எந்திரிச்சா ரெண்டு கையும் விறைச்சுக் கிடக்கும், விரலை மடக்க முக்கால் மணி நேரம் ஆகும். பிசிறு வெட்டற கத்திரியைப் பிடிக்க முடியலை. மொதல்ல வேலை அசதின்னு தைலம் தேச்சோம். எங்க மாமியார் "சரவாங்கி புடிச்சிருக்குது மாப்ள, எங்காத்தாளுக்கும் இருந்துச்சு"ன்னு கரெக்டா சொன்னாங்க. கோயமுத்தூர்ல மூட்டு வாத டாக்டர்கிட்ட போய் ரத்தம் எடுத்துப் பாத்ததுல ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னு உறுதியாச்சு. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் (இது தினமும் சாப்பிடற மாத்திரை இல்லை, தப்பித் தவறி தினம் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து), வேற நாள்ல போலிக் ஆசிட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின். வலி ஏறுனா மட்டும் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு. மூணு மாசத்துக்கொருக்கா ரத்தப் பரிசோதனை, வருசத்துக்கொருக்கா கண் பரிசோதனை. ஒரு வருசத்துல கத்திரி திரும்ப கைக்கு வந்துடுச்சு.

இந்த நோய் என்னன்னு எங்க ஊர் பாஷையில சொல்றேன். செக்கிங் டேபிள்ல ஒருத்தர் இருக்கார்னு வைங்க. அவர் வேலை ஓட்டை பீஸ், கறை பீஸை எடுத்துப் போடறது. ஒரு நாள் அவருக்கு என்ன ஆச்சோ, நல்ல பீஸையும் ரிஜக்ட் ரிஜக்ட்னு கிழிச்சுப் போடறார். உடம்போட எதிர்ப்பு சக்தி இப்படி சொந்த மூட்டையே கிழிக்கறதுதான் முடக்குவாதம். லூபஸ்ல இதே ஆள் தோல், சிறுநீரகம்னு வேற டேபிளுக்கும் போயிடுவார். மாத்திரை என்ன பண்ணுதுன்னா, அந்த ஆளை "கொஞ்சம் நிதானமா இருப்பா"ன்னு உக்கார வைக்குது. நல்ல பீஸ் தப்பிக்குது. ஆனா நெசமாவே கெட்ட பீஸ் வந்தாலும் அவர் கொஞ்சம் மெதுவாத்தான் பாப்பார். நண்பரோட தங்கச்சி பயப்படறது இதுக்குத்தான். நியாயமான பயம்தானுங்க.

சரி, 2020 மார்ச். 24ஆம் தேதி ராத்திரியோட ஊரடங்கு. பஸ் இல்லை, கம்பெனி இல்லை. வடக்கத்திப் பசங்க ரூம்ல அடைஞ்சு கிடந்தாங்க. நிட்டிங் சத்தம் இல்லாத திருப்பூரை நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்லை. எங்களுக்கு அதைவிடப் பெரிய தலைவலி வேற ஒண்ணு இருந்துச்சு.

பிரான்சுல ஒரு டாக்டர் குழு, ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்தா கொரோனா போகுதுன்னு ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அமெரிக்க அதிபர் டிரம்ப் டிவியில அதைப் புகழ்ந்தார். நம்ம ஐசிஎம்ஆரும் மார்ச் 22 தேதியிட்ட அறிவிப்புல, கொரோனா நோயாளிகளைப் பாக்கற மருத்துவப் பணியாளர்களும், நோயாளிகளோட வீட்ல இருக்கறவங்களும் முன்னெச்சரிக்கையா சாப்பிடலாம்னு சொல்லிடுச்சு. அவ்வளவுதான், யார் யாரோ வாங்கிப் பதுக்க ஆரம்பிச்சாங்க. மார்ச் 25ல ஏற்றுமதிக்குத் தடை. அடுத்த நாளே சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு எச்1 பட்டியல்ல சேத்தாங்க. அது நல்ல முடிவுதான், ஆனா அதுக்குள்ள கடைகள் காலி.

தங்கமணிக்கு கையில இருந்தது 11 நாள் மாத்திரை. நாலு மெடிக்கல்ல கேட்டேன். ஒரு கடையில "சார், கொரோனா மாத்திரையெல்லாம் இப்ப ஸ்டாக் இல்லை"ன்னார். அஞ்சு வருசமா எங்க வீட்டு மாத்திரை அது, ஒரே வாரத்துல கொரோனா மாத்திரை ஆயிடுச்சு. இன்னொரு கடையில சீட்டு பழசுன்னுட்டாங்க. புதுச் சீட்டுக்கு கோயமுத்தூர் போகணும், ஐம்பது கிலோமீட்டர், பாஸ் வாங்காம போக முடியாது.

நல்லவேளை, போன்ல வைத்தியம் பாக்கறதுக்கான நெறிமுறைகளை மத்திய அரசு அதே மார்ச் 25ல வெளியிட்டிருந்தது. எங்க டாக்டரம்மா வாட்ஸ்அப்ல வீடியோவுல கையைப் பாத்து, விரலை மடக்கச் சொல்லி, சீட்டை போட்டோவா அனுப்பினாங்க. மாத்திரை முழுசாக் கிடைக்க ஏப்ரல் கடைசி ஆச்சு. அதுவரைக்கும் அவங்க சொன்னபடி ஒரு நாள் விட்டு ஒரு நாள். "இது உடம்புல ரொம்ப நாள் தங்கற மருந்து, கொஞ்ச நாள் இடைவெளியில ஒண்ணும் ஆயிடாது, பயப்படாதீங்க. ஆனா மெத்தோட்ரெக்சேட்டை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க"ன்னாங்க.

இந்தக் கடைசி வரியைத்தான் பதிவுல கொட்டை எழுத்துல போடணும்.

எங்க எதிர் லைன் வீட்ல ஒரு அக்கா இருக்காங்க. ஓவர்லாக் டெய்லர். அந்தத் தெருவுலயே அவங்க கை வேகத்துக்கு யாரும் ஈடு இல்லை. அவங்களுக்கும் இதே நோய்தான், இதே மாத்திரைதான். 2020 ஏப்ரல்ல யாரோ அவங்க போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிட்டாங்க. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கற மருந்து சாப்பிடறவங்களுக்கு கொரோனா வந்தா சாவுதான்னு. அக்கா எல்லா மாத்திரையையும் நிறுத்திட்டு கபசுரக் குடிநீர் மட்டும் குடிச்சாங்க. "எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக தம்பி, நான் சாகக் கூடாது"ன்னாங்க. அந்தம்மா பயத்துல என்னங்க தப்பு இருக்கு? யாரும் அவங்களுக்கு எடுத்துச் சொல்லலை, சொல்ல வேண்டியவங்க போனை எடுக்கலை. ஜூன்ல கம்பெனி திறந்து மாஸ்க்கும் பிபிஇ கிட்டும் தைக்க ஆள் தேடினப்போ, அக்காவால நூலைக் கோக்கவே முடியலை. திரும்ப மருந்து ஆரம்பிச்சு வலி குறைஞ்சுது. ஆனா வளைஞ்ச விரல் வளைஞ்சதுதான். இன்னிக்கு அவங்க பேக்கிங்ல பாலிபேக் போடற வேலையில இருக்காங்க. டெய்லர் சம்பளம் போச்சு. கொரோனா அவங்களுக்கு வரவேயில்லை.

உலகம் பூரா மூட்டு வாத டாக்டர்கள் 2020 மார்ச்லயே ஒண்ணு சேர்ந்து, இந்த மாதிரி நோயாளிகளுக்கு கொரோனா வந்தா என்ன ஆகுதுன்னு ஒரு பதிவேடு ஆரம்பிச்சாங்க (குளோபல் ருமட்டாலஜி அலையன்ஸ்). அதுல தெரிஞ்சது என்னன்னா, தினமும் 10 மில்லிகிராமுக்கு மேல ஸ்டீராய்டு சாப்பிட்டவங்களும், ரிட்டுக்சிமாப் ஊசி எடுத்தவங்களும் அதிகமா பாதிக்கப்பட்டாங்க. மெத்தோட்ரெக்சேட்ல அப்படிப் பெருசா ஒண்ணும் தெரியலை. முக்கியமா, நோய் கட்டுப்பாட்டுல இல்லாதவங்களுக்கு உயிர் ஆபத்து கூடுதலா இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க. மாத்திரையை நிறுத்தினா நோய் ஏறும், நோய் ஏறுனா ஸ்டீராய்டு ஏறும், அப்புறம் எதுக்குப் பயந்து நிறுத்தினோமோ அங்கேயே போய் நிப்போம்.

அந்தப் பதிவேட்டுல இன்னொண்ணும் தெரிஞ்சது. ஏற்கனவே ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிட்டுட்டு இருந்தவங்களுக்கும் கொரோனா வரத்தான் செஞ்சுது. 2020 ஜூன் 5ல இங்கிலாந்தோட ரெகவரி ஆய்வு, ஆஸ்பத்திரியில சேந்த நோயாளிகளுக்கு அந்த மாத்திரையால பலன் இல்லைன்னு அறிவிச்சது. அந்த பிரெஞ்சுக் கட்டுரையை 2024 டிசம்பர்ல பத்திரிகையே திரும்பப் பெற்றுக்கிச்சு. நாலே முக்கால் வருசம் கழிச்சு. நாங்க மெடிக்கல் மெடிக்கலா அலைஞ்சதுக்கு யார்கிட்ட போய் நட்டஈடு கேக்கறது? :-)

இதுல வேடிக்கை என்னன்னா, கொரோனாவுக்கு நெசமாவே வேலை செஞ்ச மருந்துகள்ல சிலது எங்க வார்டு மருந்துகள்தான். ஜூன் 16ல அதே ரெகவரி ஆய்வு, டெக்சாமெதசோன் கொடுத்தா வென்டிலேட்டர்ல இருக்கறவங்க சாவு மூணுல ஒரு பங்கு குறையுதுன்னு சொல்லுச்சு. அது சாதாரண, மலிவான ஸ்டீராய்டு. 2021 இரண்டாம் அலையில ஊரே தேடின டோசிலிசுமாப் முடக்குவாதத்துக்கு வந்த ஊசி. பாரிசிடினிப் முடக்குவாத மாத்திரை. காரணம் லேசுதான். முத்தின கொரோனாவுல பாதி சேதம் வைரஸ் பண்றது, மீதி நம்ம செக்கிங் ஆள் வெறி புடிச்சுக் கிழிக்கறது. அவரை உக்கார வைக்கற வித்தை இந்த டாக்டர்களுக்குத்தானே தெரியும்!

இப்ப ஊசிக்கு வர்றேன்.

2021 ஜனவரி 16ல தடுப்பூசி ஆரம்பிச்சாங்க. அதே வாரம் கோவாக்சின் கம்பெனி ஒரு தகவல் தாள் வெளியிட்டுச்சு. எதிர்ப்பு சக்தி குறைவா இருக்கறவங்க, அதைப் பாதிக்கற மருந்து சாப்பிடறவங்க போட்டுக்க வேண்டாம்னு அதுல இருந்துச்சு. கோவிஷீல்டு தாள்ல, அப்படி இருந்தா மருத்துவப் பணியாளர்கிட்ட சொல்லுங்கன்னு மட்டும் இருந்துச்சு. மார்ச் 1ல இருந்து 45 வயசுக்கு மேல இணைநோய் இருக்கறவங்களுக்கு முன்னுரிமைன்னாங்க. அந்த 20 இணைநோய் பட்டியல்ல, நீண்ட நாளா ஸ்டீராய்டோ எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்தோ சாப்பிடறவங்களும் இருந்தாங்க! அதாவது ஒரு தாள் வேண்டாம்னு சொல்லுது, இன்னொரு தாள் நீதான் மொதல்ல வரணும்னு சொல்லுது. கண்ணைக் கட்டுதே சாமி.

வீட்ல மூணு கட்சி. மாமியார்: "ஊசி போட்டா வலி கூடிப் போகும் மாப்ள, இருக்கறது போதும்." என் தம்பி: "அண்ணா, எப்பக் கிடைக்குதோ அப்பப் போட்ருங்க." தங்கமணி மட்டும் ஒண்ணுமே பேசலை. ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி கேட்டாங்க, "ஏனுங்க, உசுப்பிவிடத்தானே ஊசி? உசுப்பிவிட்டா என் மூட்டைத்தானே அது மொதல்ல கடிக்கும்?"

இதைவிடத் தெளிவா யாராலயும் கேக்க முடியாது. நான் கூகுளாண்டவர்கிட்ட கேக்காம, அதே கேள்வியை டாக்டரம்மாகிட்டயே கேக்கச் சொன்னேன்.

டாக்டரம்மா சொன்னது: "உயிருள்ள கிருமி இருக்கற தடுப்பூசிகளைத்தான் உங்களுக்கு ஜாக்கிரதையா பாத்துக் கொடுப்போம். இது ரெண்டுமே அப்படி இல்லைம்மா. கோவாக்சின் செத்த வைரஸ். கோவிஷீல்டுல இருக்கற வைரஸ் உடம்புக்குள்ள பெருக முடியாதது. ஊசியால உங்களுக்கு நோய் வராது. வலி கொஞ்சம் ஏறலாம், பெரும்பாலும் தானா அடங்கிடும். எனக்கு இருக்கற கவலை, ஊசி உங்களுக்குப் பத்தாமப் போயிடுமோங்கறதுதான்." தங்கமணி பயந்தது ஊசி ரொம்ப வேலை செஞ்சிடுமோன்னு. டாக்டர் கவலை அது கம்மியா வேலை செய்யுமோன்னு.

(பின்னாடி ஐரோப்பாவுல ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பாத்ததுல, ஊசிக்கு அப்புறம் மூட்டு நோய் ஏறினது நூத்துல அஞ்சு பேருக்கும் கம்மி. கடுமையா ஏறினது நூத்துல ஒருத்தருக்கும் கம்மி.)

தங்கமணிக்கு அப்ப 38 வயசு. அதனால மே வரைக்கும் காத்திருப்பு. 18 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கான ஊசியை முதல்வர் ஸ்டாலின் 2021 மே 20ல நம்ம திருப்பூர்லதான், நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவுலதான் தொடங்கி வச்சார். ஆனா ஊசி சப்ளை அப்ப யானைப் பசிக்கு சோளப்பொரி. ஜூன்ல மத்த மாவட்டத்துக்கெல்லாம் தளர்வு வந்தப்பவும், தொற்று அதிகமா இருந்த 11 மாவட்டத்துல நாமளும் ஒண்ணு. விடிகாலை நாலு மணிக்கு ஒரு பள்ளிக்கூட வாசல்ல டோக்கனுக்கு நின்னோம். நோயாளிக்குத் தனி வரிசை எல்லாம் கிடையாது. முட்டி வீங்கின பொம்பளை ரெண்டு மணி நேரம் நிக்க முடியாதுன்னு நான் நின்னேன். பின்னாடி இருந்த ஒரு பெரியவர் "பாப்பா வந்தா உள்ள விட்ருங்கப்பா"ன்னு சத்தம் போட்டு இடம் வாங்கிக் கொடுத்தார். மொத ஊசி, கோவிஷீல்டு.

இங்கதான் மெத்தோட்ரெக்சேட் விஷயம். பனியன் கம்பெனியில புது ஆர்டர் வந்தா, செக்கிங் ஆளுக்கு சாம்பிள் பீஸைக் காட்டி "இப்படி ஒரு டேமேஜ் வரும், விட்றாதே"ன்னு சொல்லுவோம் இல்லையா, தடுப்பூசிங்கறது அந்த சாம்பிள்தான். நாம மாத்திரை கொடுத்து ஆளை அரைத் தூக்கத்துல உக்கார வச்சிருக்கோம். சாம்பிளைக் காட்டற அன்னிக்காவது அவர் கொஞ்சம் முழிச்சிருந்தாத்தானே மனசுல நிக்கும்? அதனால நோய் கட்டுப்பாட்டுல இருந்தா, ஒவ்வொரு ஊசிக்கு அப்புறமும் ஒரு வாரம் மெத்தோட்ரெக்சேட் வேண்டாம்னு அமெரிக்க மூட்டு வாத மருத்துவர் சங்கம் 2021 பிப்ரவரியில சொல்லியிருந்தது. தங்கமணிக்கு ஞாயித்துக்கிழமை மாத்திரை. ஒரே ஒரு ஞாயிறு விடச் சொன்னாங்க. ஹைட்ராக்சிகுளோரோகுயினை நிறுத்த வேண்டாம், ஸ்டீராய்டு சாப்பிடறவங்க அதைத் திடீர்னு நிறுத்தவே கூடாது.

ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி காய்ச்சல். மூணாம் நாள் வலது மணிக்கட்டு வீங்குச்சு. மாமியார் என்னைப் பாத்த பார்வை இருக்கே, அவ்வ்வ்வ்! ஒரு வாரத்துல வீக்கம் வடிஞ்சுது. ரெண்டாவது ஊசி செப்டம்பர் 12, தமிழ்நாடு முழுக்க மெகா முகாம் நடந்த அந்த ஞாயித்துக்கிழமை. இந்த வாட்டி வீக்கம் இல்லை.

இந்த ஒரு வாரம், ரெண்டு வாரம் கணக்கையெல்லாம் நம்ம பக்கத்துலயே சோதிச்சுப் பாத்தாங்க. கொச்சியில பத்மநாப ஷெனாய் குழுவினர், கோவிஷீல்டு போட்டுக்கிட்ட முடக்குவாத நோயாளிகள்கிட்ட நடத்தின ஆய்வு 2022ல லான்செட் ருமட்டாலஜியில வந்துச்சு. ரெண்டு ஊசிக்கு அப்புறமும் ரெண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட் நிறுத்தினவங்களுக்கு எதிர்ப்பொருள் நல்லா கூடுச்சு, ஆனா மூட்டு வலியும் நிறைய பேருக்கு ஏறிடுச்சு. ரெண்டாவது ஊசிக்கு அப்புறம் மட்டும் நிறுத்தினவங்களுக்கு எதிர்ப்பொருளும் கூடுச்சு, வலித் தொல்லையும் அந்த அளவுக்கு இல்லை. பெரிய நாட்டு ஆராய்ச்சியைப் பாத்துத்தான் நாம வைத்தியம் பண்ணணும்னு நினைக்கறவங்களுக்கு இதைக் காட்டுங்க. நம்மாளுக, நம்ம ஊசி, நம்ம நோயாளிகளை வச்சே பதில் கண்டுபிடிச்சிருக்காங்க.

ஒரு மனத்தாங்கல் உண்டு. எதிர்ப்பு சக்தி நல்லாக் குறைஞ்சவங்களுக்கு ரெண்டு ஊசி பத்தாது, மூணாவது வேணும்னு 2021 ஆகஸ்ட்லயே அமெரிக்காவுல அனுமதி கொடுத்தாங்க. அக்டோபர்ல உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழுவும் சொல்லுச்சு. நம்ம நாட்ல 2022 ஜனவரி 10ல ஆரம்பிச்ச முன்னெச்சரிக்கை ஊசி மருத்துவப் பணியாளர், முன்களப் பணியாளர், இணைநோய் இருக்கற 60 வயசு தாண்டினவங்களுக்குத்தான். சிறுநீரகம் மாத்தினவங்க, ரிட்டுக்சிமாப் எடுக்கறவங்க 30 வயசுல இருந்தா ஏப்ரல் வரைக்கும் வழி இல்லை, அப்பவும் தனியார்ல காசு கொடுத்து. வயசை வச்சே வரிசை போட்டா இவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க. தங்கமணி மூணாவது ஊசியை 2022 ஆகஸ்ட்ல, இலவசமா கொடுத்த அந்த 75 நாள்லதான் போட்டுக்கிட்டாங்க.

நடுவுல 2022 ஜனவரியில எங்க ரெண்டு பேருக்கும் கொரோனா வந்துச்சு. அவங்களுக்கு மூணு நாள் காய்ச்சல், எனக்கு அஞ்சு நாள். டாக்டர் சொன்னபடி ரெண்டு ஞாயிறு மெத்தோட்ரெக்சேட் கிடையாது, அப்புறம் வழக்கம்போல. ஊசியாலதான் தப்பிச்சோமா, ஒமிக்ரான் லேசா வந்ததாலயான்னு ஒரு வீட்டுக் கதையை வச்சு சொல்ல முடியாது. அதுக்குத்தான் ஆய்வெல்லாம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ல அவசர நிலை முடிஞ்சுதுன்னு சொல்லிடுச்சு. ஆனா இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அந்த ரெண்டு வருசத்துல கத்துக்கிட்டது எப்பவும் வேணும். அதனால சுருக்கமா:

1. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. காய்ச்சல் வந்தா டாக்டரைக் கேட்டு, சொல்ற மருந்தை மட்டும், சொல்ற நாளுக்கு மட்டும் நிறுத்துங்க.

2. கையில எப்பவும் ஒரு மாச மாத்திரை கூடுதலா இருக்கட்டும். சீட்டோட போட்டோ போன்ல இருக்கட்டும்.

3. எந்த ஊசி போடப் போனாலும் "நான் இன்ன மருந்து சாப்பிடறேன், இது உயிருள்ள தடுப்பூசியா?"ன்னு கேளுங்க. வெக்கப்படாதீங்க.

4. புளூ, நிமோனியா தடுப்பூசி பத்தி டாக்டர்கிட்ட இப்பவே பேசிடுங்க. ரிட்டுக்சிமாப் ஆரம்பிக்கப் போறாங்கன்னா அதுக்கு முன்னாடியே பேசணும், அப்புறம் போட்டா ஊசி சரியா பிடிக்காது.

5. வீட்ல இருக்கறவங்களும் ஊசி போட்டுக்கணும். செக்கிங் ஆள் அசந்தாலும், கேட்லயே சரக்கைத் தடுத்துட்டா பிரச்சினை இல்லை பாருங்க.

எதிர் லைன் அக்கா தன் சின்னப் பொண்ணை நர்சிங் படிக்க வச்சிருக்காங்க. போன தடவை புளூ ஊசிக்கு தங்கமணியும் அவங்களும் சேர்ந்துதான் போனாங்க. அக்கா பர்ஸ்ல இப்ப ஒரு அட்டை இருக்கு. என்ன மருந்து, எவ்வளவு, எந்தக் கிழமை, டாக்டர் நம்பர் என்னன்னு அந்தப் பொண்ணு கொட்டை எழுத்துல எழுதிக் கொடுத்தது. அதைப் பாத்து தங்கமணியும் ஒண்ணு எழுதி வாங்கிக்கிட்டாங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பனியன் கம்பெனி மெர்ச்சன்டைசர். இது ஒரு வீட்டுல நடந்தது. உங்க மருந்துக்கு உங்க டாக்டர்தான் பேசணும். எனக்கு ஷிப்மென்ட் பத்தி மட்டும்தான் தைரியமா பேசத் தெரியும், அதுவும் லேட் ஆகாத வரைக்கும் :-)